சீட்டைப் படிக்கும் நிரல்

அடுத்த மாதம் உங்கள் பள்ளியில் திடல்தடப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கணினிக் கழகத்தின் உறுப்பினர். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் உங்களை அழைத்து ஒரு கோப்பைத் தருகிறார். அதில் முந்நூறு போட்டியாளர்களின் விவரம் இருக்கிறது. "இதைப் படித்து, ஒவ்வோர் இல்லத்துக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டுத் தரும் ஒரு நிரல் எழுத முடியுமா?" என்று கேட்கிறார்.

முடியும் என்கிறீர்கள். கோப்பைத் திறந்து பார்க்கிறீர்கள். கால்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய சி.எஸ்.வி. கோப்புதான். முதல் வரியில் நெடுவரிசைகளின் தலைப்புகள் மலாயில் உள்ளன: நாமா, திங்காத்தான், ருமா சுக்கான், தாரிக் லாஹிர். அதாவது பெயர், படிவம், விளையாட்டு இல்லம், பிறந்த தேதி. அடுத்த வரியிலிருந்து மாணவர்களின் விவரங்கள்.

"முதல் நெடுவரிசையைப் பெயரில் போடு, இரண்டாவதைப் படிவத்தில் போடு, மூன்றாவதை இல்லத்தில் போடு" என்று வரிசையாக எழுதி முடிக்கிறீர்கள். நிரல் வேலை செய்கிறது. ஆசிரியர் மகிழ்ச்சி அடைகிறார்.

மறுவாரம் அவர் கோப்பின் தொடக்கத்தில் வரிசை எண் என்று ஒரு நெடுவரிசையைச் சேர்க்கிறார். எல்லாம் ஓரிடம் தள்ளிப் போகின்றன. உங்கள் நிரல், வரிசை எண்ணைப் பெயராக எடுத்துக்கொள்கிறது. பெயரைப் படிவமாக மாற்ற முயன்று நின்றுவிடுகிறது. நின்றதும் ஒரு வகையில் நல்லதுதான். நீளம் தாண்டுதலின் தூரமும் குண்டு எறிதலின் தூரமும் இடம் மாறியிருந்தால் நிரல் நின்றிருக்காது. இரண்டும் எண்கள் அல்லவா? தவறான வெற்றியாளரின் பெயரை அது அமைதியாக அச்சிட்டிருக்கும்.

இதற்கிடையில் நூலகப் பொறுப்பாசிரியரும் வருகிறார். அவருக்குப் புத்தகப் பட்டியல் வேண்டும். அடுத்து, பேருந்துப் பயணப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் அதே நிரலைப் படியெடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறீர்கள். படியெடுக்கும்போது ஓரிடத்தில் மாற்ற மறந்தால் அங்கே ஒரு பிழை ஒளிந்துகொள்கிறது.

ஒரே நிரலை ஒருமுறை எழுதி, எந்தப் பட்டியலையும் அதைக்கொண்டு படிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. இன்று பெரிய செயலிகள் பலவற்றின் அடியில் ஓடுவது அந்த வழிதான். அதை இவ்வாரம் பார்ப்போம். அதன் வசதியையும் பார்ப்போம்; கவனமில்லாமல் கையாண்டால் அது எப்படி வாசற்கதவைத் திறந்து போட்டுவிடும் என்பதையும் பார்ப்போம்.

வெற்றுப் படிவமும் நிரப்பிய படிவமும்

முதலில் இரண்டு சொற்கள். நிரலாக்கத்தில் 'வகுப்பு' என்றால் நீங்கள் அமர்ந்து படிக்கும் வகுப்பறை அன்று. பள்ளி அலுவலகத்தில் இருக்கும் வெற்று விண்ணப்பத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத ஓர் இடம், படிவம் எழுத ஓர் இடம், பிறந்த தேதிக்கு ஓர் இடம் என்று கோடு போட்டிருக்கும். ஆனால் எதுவும் நிரப்பப்பட்டிருக்காது. அதுதான் வகுப்பு. அதில் உள்ள ஒவ்வோர் இடமும் ஒரு 'பண்பு'.

அந்தத் தாளை ஒரு மாணவருக்காக நிரப்பிவிட்டால் கிடைப்பது 'பொருள்'. முந்நூறு மாணவர்களுக்கு முந்நூறு பொருள்கள். தாளின் அமைப்பு ஒன்றே. உள்ளே எழுதப்பட்டவை வேறு வேறு.

நமது வேலையை இப்போது ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, சரியான இடங்களில் சரியான விவரங்களை நிரப்ப வேண்டும். எந்தத் தாளைக் கொடுத்தாலும் நிரப்பத் தெரிந்த ஓர் எழுத்தர் நமக்குத் தேவை.

சட்டைக் கழுத்தில் ஒரு சீட்டு

உங்கள் பள்ளிச் சட்டையின் கழுத்துப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சிறிய சீட்டு தைக்கப்பட்டிருக்கும். வெந்நீரில் துவைக்கலாமா, இஸ்திரி போடலாமா என்று அதில் குறியிட்டிருப்பார்கள். அந்தச் சீட்டு சட்டையின் நிறத்தையோ அளவையோ மாற்றாது. சட்டையைத் துவைக்கவும் செய்யாது. துவைப்பவர் அதைப் படித்து அதன்படி நடந்தால்தான் அதற்குப் பயன்.

நிரலிலும் அப்படிப்பட்ட சீட்டுகளை ஒட்டலாம். சி-ஷார்ப் மொழியில் அதற்கு 'அட்ரிபியூட்' என்று பெயர். ஜாவா மொழியில் 'அனோட்டேஷன்' என்பார்கள். நாம் சீட்டு என்றே அழைப்போம்.

நமது போட்டியாளர் வகுப்பைச் சீட்டுகளோடு எழுதிப் பார்ப்போம். சி-ஷார்ப் மொழியில் வகுப்புக்கும் பண்புகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியும். மொழியின் கட்டளைச் சொற்கள்தாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே கட்டளைச் சொற்களையும் தமிழிலேயே தருகிறேன்.

வகுப்பு போட்டியாளர்
{
[நெடுவரிசை("நாமா")]
சொல் பெயர்;

[நெடுவரிசை("திங்காத்தான்")]
எண் படிவம்;

[நெடுவரிசை("ருமா சுக்கான்")]
சொல் இல்லம்;

[நெடுவரிசை("தாரிக் லாஹிர்")]
தேதி பிறந்தநாள்;

எண் புள்ளி;
}

சதுர அடைப்புக்குள் இருப்பவைதாம் சீட்டுகள். முதல் சீட்டு சொல்வது இதுதான்: "கோப்பில் 'நாமா' என்ற தலைப்பின்கீழ் இருப்பதுதான் இந்தப் பண்புக்கு உரியது." நெடுவரிசை முதலாவதாக இருக்கிறதா, ஐந்தாவதாக இருக்கிறதா என்ற கவலை இனி இல்லை. ஆசிரியர் நடுவில் எத்தனை நெடுவரிசைகளைச் சேர்த்தாலும் தலைப்பை வைத்து நாம் கண்டுபிடித்துவிடலாம். தலைப்பு மலாயில் இருந்தாலும் நமது நிரலுக்குள் பெயர்களைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பது அந்தச் சீட்டு.

கடைசிப் பண்பாகிய 'புள்ளி'யைக் கவனித்தீர்களா? அதற்குச் சீட்டு இல்லை. மறந்துபோய் விடவில்லை. புள்ளி என்பது போட்டி முடிந்த பிறகு நமது நிரல் கணக்கிட்டுப் போட வேண்டியது, கோப்பிலிருந்து வரக்கூடாதது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

கண்ணாடி முன் நிற்கும் நிரல்

சீட்டு ஒட்டியாகிவிட்டது. யார் அதைப் படிப்பது? நிரல்தான். ஆனால் சீட்டு ஒட்டப்பட்டிருப்பதும் அதே நிரலில்தானே? ஒரு நிரல் தன்னையே எப்படிப் பார்த்துக்கொள்ளும்?

உங்கள் சட்டையின் பின்கழுத்துச் சீட்டை, சட்டையை அணிந்தபடியே படிக்க வேண்டுமானால் கண்ணாடி வேண்டும். நிரலுக்கும் அப்படியொரு கண்ணாடி உண்டு. அதன் பெயர் 'ரிஃப்ளெக்‌ஷன்'. தமிழில் பிரதிபலிப்பு எனலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று, "என்னிடம் என்னென்ன வகுப்புகள் இருக்கின்றன? இந்த வகுப்பில் என்னென்ன பண்புகள்? ஒவ்வொரு பண்பும் எந்த வகை? அதன்மேல் என்ன சீட்டு ஒட்டியிருக்கிறது?" என்று தன்னைத்தானே கேட்டு விடை பெறும் திறன் அது.

இந்தச் சிந்தனை புதிதன்று. கனடாவைச் சேர்ந்த பிரையன் கேன்ட்வெல் ஸ்மித், 1982இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், தன்னைப் பற்றித் தானே ஆராயக்கூடிய நிரல்மொழி எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாக எழுதினார். 1997இல் ஜாவா 1.1 வெளிவந்தபோது பிரதிபலிப்பு வசதி அந்த மொழியில் சேர்ந்தது. 2002இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டாட்நெட் தளத்தின் முதல் பதிப்பை வெளியிட்டபோது, அதனுடன் வந்த சி-ஷார்ப் மொழியில் தொடக்கத்திலேயே பிரதிபலிப்பும் சீட்டுகளும் இருந்தன. ஜாவாவுக்குச் சீட்டுகள் 2004இல் கிடைத்தன.

எல்லா மொழிகளிலும் இது இயல்பாக வந்துவிடாது. நீங்கள் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். சி மொழியில் எழுதி வழக்கமான முறையில் தொகுத்தால், நீங்கள் ஆசையாக வைத்த 'பெயர்', 'படிவம்' போன்ற சொற்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். 'இந்த நினைவக இடத்திலிருந்து எடு, அந்த இடத்தில் போடு' என்ற எண்கள் மட்டுமே மிஞ்சும். ஜாவாவும் சி-ஷார்ப்பும் அப்படிச் செய்வதில்லை. வகுப்புகளின் பெயர், பண்புகளின் பெயர், அவற்றின் வகை, ஒட்டிய சீட்டு ஆகிய அனைத்தையும் தொகுத்த கோப்புக்குள்ளேயே ஓர் அட்டவணையாக வைத்துவிடுகின்றன. கண்ணாடியில் தெரிவது அந்த அட்டவணைதான்.

ஐந்து படிகள்

இப்போது நமது எழுத்தர் எப்படி வேலை செய்கிறார் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: நாம் ஒரு வகுப்பைக் காட்டி, "இதுதான் தாள்" என்கிறோம். எழுத்தர் பிரதிபலிப்பின்வழி அந்த வகுப்பின் பண்புகளை எல்லாம் பட்டியலிடுகிறார். பெயர், படிவம், இல்லம், பிறந்தநாள், புள்ளி என ஐந்து பண்புகள் கிடைக்கின்றன.

இரண்டாம் படி: ஒவ்வொரு பண்பிலும் 'நெடுவரிசை' என்ற சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால், அதில் எழுதியுள்ள தலைப்பைக் கோப்பின் முதல் வரியில் தேடி, அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். சீட்டு இல்லாத பண்பைத் தொடுவதே இல்லை. ஐந்தில் நான்கு தேறுகின்றன.

மூன்றாம் படி: கோப்பின் அடுத்த வரியைப் படித்து, அதற்காக ஒரு வெற்றுப் பொருளை உருவாக்குகிறார். வழக்கமாக நாம் நிரல் எழுதும்போதே வகுப்பின் பெயரைச் சொல்லிப் பொருளை உருவாக்குவோம். இங்கே எழுத்தருக்கு எந்த வகுப்பு என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். அப்படி ஓடும்போதே பொருளை உருவாக்கித் தர, டாட்நெட்டில் 'ஆக்டிவேட்டர்' என்ற கருவி இருக்கிறது.

நான்காம் படி: கோப்பில் இருப்பவை எல்லாம் வெறும் எழுத்துகள். அங்கே 3 என்று இருந்தாலும் அது எண்ணன்று. 3 என்ற எழுத்துதான். படிவம் என்ற பண்போ எண்ணைக் கேட்கிறது. எழுத்தர் மீண்டும் கண்ணாடியைப் பார்த்துப் பண்பின் வகையை அறிந்து, அதற்கேற்ப எழுத்தை மாற்றுகிறார்.

ஐந்தாம் படி: மாற்றிய மதிப்பைப் பொருளின் அந்தப் பண்பில் வைக்கிறார். சீட்டுள்ள எல்லாப் பண்புகளும் நிரம்பியதும் ஒரு போட்டியாளர் தயார். அடுத்த வரிக்கு மூன்றாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குகிறார்.

இந்த ஐந்து படிகளில் எங்கேனும் 'போட்டியாளர்' என்ற சொல்லை எழுத்தருக்குள் நாம் எழுதினோமா? இல்லை. ஆகவே நூலகப் பொறுப்பாசிரியர் வரும்போது 'புத்தகம்' என்றொரு வகுப்பை எழுதிச் சீட்டுகளை ஒட்டினால் போதும். எழுத்தரில் ஒரு வரிகூட மாறாது.

நான்காம் படியில் மட்டும் சற்றுக் கவனமாக இருங்கள். கோப்பில் 05/07/2011 என்று இருந்தால் அது எந்த நாள்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் அதை ஜூலை 5 என்று படிப்போம். அமெரிக்க முறைப்படி அமைக்கப்பட்ட கணினி அதை மே 7 என்று படிக்கும். 25/07/2011 என்றால் 25ஆம் மாதம் கிடையாது என்பதால் பிழை காட்டி நின்றுவிடும். 12ஆம் தேதிக்குள் பிறந்தவர்களின் விவரத்தில் அந்தப் பிழைச் செய்திகூட வராது. சான்றிதழில் தவறான பிறந்தநாள் அச்சாகும்போதுதான் தெரியும். எனவே தேதியின் அமைப்பையும் சீட்டிலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

உங்களைச் சுற்றி இருக்கும் சீட்டுகள்

யூனிட்டி மென்பொருளில் விளையாட்டு உருவாக்கிப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் 'சீரியலைஸ்-ஃபீல்டு' என்ற சீட்டை நீங்கள் பயன்படுத்தியிருப்பீர்கள். பாத்திரத்தின் வேகத்தைக் குறிக்கும் மாறியின்மேல் அதை ஒட்டினால், வேகத்தை மாற்றும் பெட்டி பக்கத்துப் பலகத்தில் தோன்றும். நீங்கள் அந்தப் பெட்டியை வரையவில்லை. யூனிட்டி சீட்டைப் பார்த்து வரைந்தது.

மென்பொருள் நிறுவனங்களில் எழுதிய நிரலைச் சோதிப்பதற்கும் சீட்டுகள் உண்டு. ஜாவா நிரலாளர்கள் பயன்படுத்தும் ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியைக் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் உருவாக்கினார்கள். அதன் பழைய பதிப்புகளில் ஒரு விதி இருந்தது: சோதனைச் செயலின் பெயர் 'டெஸ்ட்' என்ற சொல்லில் தொடங்க வேண்டும். கருவி அந்தப் பெயரைப் பிரதிபலிப்பின்வழி கண்டுபிடித்து இயக்கும். யாரேனும் 'டெட்ஸ்' என்று எழுத்து மாற்றித் தட்டிவிட்டால் அந்தச் சோதனை ஓடவே ஓடாது. ஓடவில்லை என்றும் தெரியாது. 2006இல் வந்த நான்காம் பதிப்பில், பெயருக்குப் பதிலாகச் சீட்டைப் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். சீட்டின் பெயரைத் தவறாக எழுதினால் தொகுப்பியே, "இப்படி ஒரு சீட்டு இல்லை" என்று தடுத்துவிடும்.

ஆனால் தொகுப்பியின் கண் சீட்டின் பெயர்வரைதான் செல்லும். மேற்கோளுக்குள் நாம் எழுதிய 'திங்காத்தான்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனால் தொகுப்பிக்குத் தெரியாது. அதனால் நமது எழுத்தருக்கு ஒரு விதி சொல்லிவைப்போம்: சீட்டில் உள்ள தலைப்பு கோப்பில் இல்லையென்றால், பேசாமல் தாண்டிப் போகாமல், "திங்காத்தான் என்ற நெடுவரிசையைக் காணவில்லை" என்று தெளிவாகச் சொல்லி நிற்க வேண்டும்.

கண்ணாடிக்கும் ஒரு விலை

பிரதிபலிப்பு இலவசம் அன்று. ஒரு பண்பில் நேரடியாக மதிப்பை வைப்பதைவிட, அட்டவணையில் தேடி வைப்பது மெதுவான வேலை. முந்நூறு மாணவர்களின் பட்டியலில் அந்த வேறுபாடு உங்கள் கண்ணுக்கே தெரியாது. இலட்சக்கணக்கான வரிகளைப் படிக்கும்போது தெரியும். அதனால்தான் முதல் இரண்டு படிகளை ஒருமுறை மட்டும் செய்து, விடையைக் குறித்து வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வரிக்கும் கண்ணாடியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் கைப்பேசிச் செயலிகளில் வருகிறது. செயலியின் அளவைக் குறைப்பதற்காக, பயன்படாத பகுதிகளைத் தானாகவே வெட்டி எறியும் கருவிகள் உண்டு. நிரலில் நேரடியாக எங்கும் பெயர் சொல்லிப் பயன்படுத்தாத ஒரு பண்பை, "இது யாருக்கும் தேவையில்லை" என்று அவை நினைத்துவிடலாம். அதைக் கண்ணாடி வழியாகத் தேடிவரும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது.

இவ்விரண்டு சிக்கல்களுக்கும் விடையாக, 2020இல் டாட்நெட் 5உடன் ஒரு புதிய வசதி வந்தது. நிரலைத் தொகுக்கும்போதே சீட்டுகளைப் படித்து, தேவையான நிரப்பும் வரிகளைத் தானாகவே எழுதிச் சேர்த்துவிடும் கருவிகளை அதில் உருவாக்கலாம். அப்போது ஓடும் நேரத்தில் கண்ணாடி தேவைப்படாது. நிரலாளர் செய்ய வேண்டியது மட்டும் மாறவில்லை. அவர் சீட்டைத்தான் ஒட்டுகிறார்.

கதவு திறந்து கிடந்த நாள்

இனி, 'புள்ளி' என்ற பண்புக்குத் திரும்புவோம்.

நமது எழுத்தரை வேறு விதமாகவும் எழுதியிருக்கலாம். சீட்டே வேண்டாம். கோப்பின் தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதே பெயரில் வகுப்பில் ஒரு பண்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிரப்பிவிடலாம். இது இன்னும் குறைவான வேலை. முதல் பார்வைக்கு இதுவே புத்திசாலித்தனமாகவும் தோன்றும்.

இப்போது குறும்புக்கார மாணவர் ஒருவர், கோப்பு உங்களிடம் வருவதற்குமுன் அதில் 'புள்ளி' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, தன் பெயருக்கு நேரே 500 என்று எழுதிவிடுகிறார். என்ன நடக்கும்? எழுத்தர் 'புள்ளி' என்ற தலைப்பைப் பார்ப்பார். வகுப்பில் 'புள்ளி' என்ற பண்பு இருக்கிறது. நிரப்பிவிடுவார். போட்டி தொடங்கும் முன்பே ஒருவருக்கு 500 புள்ளிகள்!

இது வெறும் கற்பனையன்று. 2012 மார்ச் மாதம், உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் இதே குறை வெளிப்பட்டது. அத்தளம் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கட்டமைப்பைக்கொண்டு எழுதப்பட்டிருந்தது. பயனர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், அதில் வரும் பெயர்களுக்கு ஏற்பப் பொருளின் பண்புகளை மொத்தமாக நிரப்பிவிடும் வசதி அந்தக் கட்டமைப்பில் இருந்தது. அந்த மொழியில் முறை சற்று வேறு, குறை ஒன்றுதான்.

ரஷ்ய இளைஞர் ஒருவர் இந்த ஆபத்தைக் கட்டமைப்பை உருவாக்கியவர்களிடம் எடுத்துச் சொன்னார். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனவே அவர் செய்து காட்டினார். தளத்தில் தனது பாதுகாப்புச் சாவியைப் பதிவு செய்யும் படிவத்தோடு, இது எந்தப் பயனருக்கு உரியது என்று சொல்லும் எண்ணையும் சேர்த்து அனுப்பினார். அந்த எண்ணைப் பயனர் அனுப்பக்கூடாது; தளம்தான் நிரப்ப வேண்டும். ஆனால் வந்ததையெல்லாம் நிரப்பும் எழுத்தர் அதையும் நிரப்பிவிட்டார். அவரது சாவி வேறொருவரின் கணக்கில் சேர்ந்தது. அதைக்கொண்டு அவர் ரெயில்ஸ் கட்டமைப்பின் நிரலிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து காட்டினார். கிட்ஹப் அந்தக் குறையை அன்றே சரிசெய்தது. 2013இல் வந்த ரெயில்ஸ் நான்காம் பதிப்பில், எந்தெந்தப் பண்புகளை வெளியிலிருந்து நிரப்பலாம் என்று நிரலாளரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது வழக்கமாயிற்று.

இன்னும் ஒரு படி மேலே போன கதை டாட்நெட்டில் நடந்தது. அதன் தொடக்க காலத்திலிருந்தே பைனரி-ஃபார்மேட்டர் என்ற கருவி இருந்தது. பொருளைக் கோப்பாகச் சேமிக்கவும், கோப்பிலிருந்து மீண்டும் பொருளாக்கவும் அது பயன்பட்டது. எந்த வகுப்பிலிருந்து பொருளை உருவாக்க வேண்டும் என்பதைக் கோப்பே அதற்குச் சொல்லும். நமது எழுத்தரிடம் "இதுதான் தாள்" என்று நாம் சொன்னோம் அல்லவா? அங்கே, வெளியிலிருந்து வரும் கோப்பு, "இந்தத் தாளை எடு" என்று சொல்ல முடிந்தது. கெட்ட எண்ணம் கொண்டவர் தாம் விரும்பும் வகுப்பின் பெயரை எழுதி அனுப்பி, நிரலைத் தம் விருப்பப்படி ஆட்டிவைக்க இது வழிவிட்டது. பல ஆண்டுகள் எச்சரித்த பிறகு, 2024 நவம்பரில் வெளிவந்த டாட்நெட் 9இல் மைக்ரோசாஃப்ட் இதன் செயல்பாட்டை நீக்கிவிட்டது. பழைய நிரல் அதை அழைத்தால் பிழைச் செய்திதான் வரும்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

இரண்டு எழுத்தர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் கோப்பிலிருந்து தொடங்குகிறார்: "வந்திருப்பது என்ன? அதை வைக்க இடம் இருக்கிறதா?" மற்றவர் சீட்டிலிருந்து தொடங்குகிறார்: "எனக்கு அனுமதிக்கப்பட்டது என்ன? அது வந்திருக்கிறதா?" இருவரும் பெரும்பாலான நாள்களில் ஒரே விடையைத்தான் தருவார்கள். யாரோ ஒருவர் ஏமாற்ற முயலும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

சீட்டை நாம் ஒரு வசதிக்காகத்தான் ஒட்டத் தொடங்கினோம். மலாய்த் தலைப்பைத் தமிழ்ப் பண்போடு இணைக்க அது தேவைப்பட்டது. ஆனால் அது அனுமதிச் சீட்டாகவும் இருக்கிறது. 'இந்த இடத்தை வெளியிலிருந்து நிரப்பலாம்' என்று நிரலை எழுதியவர் யோசித்துக் கொடுத்த ஒப்புதல் அது. புள்ளி என்ற பண்பில் சீட்டு இல்லாததும் அப்படி யோசித்து எடுத்த முடிவுதான். எழுத்தர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்த முடிவை அவரிடம் விட்டுவிட முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

பைத்தான் படிக்கும் மாணவர்களும் இதைச் செய்யலாம். பைத்தானில் 'செட்-ஆட்ர்' என்ற கட்டளை, பண்பின் பெயரைச் சொல்லாகக் கொடுத்தால் அதில் மதிப்பை வைக்கும். 'டேட்டா-கிளாஸ்' என்ற வசதியில் ஒவ்வொரு பண்போடும் ஒரு குறிப்பை இணைத்து வைக்கலாம். அதுவே உங்கள் சீட்டு. சி-ஷார்ப் அல்லது ஜாவா தெரிந்தவர்கள் மேலே சொன்ன ஐந்து படிகளை அப்படியே பின்பற்றலாம்.

உங்கள் வகுப்புத் தோழர்கள் ஐவரின் பெயர்களோடு ஒரு சிறிய கோப்பை உருவாக்குங்கள். எழுத்தரை எழுதி முடித்ததும் அவருக்கு மூன்று சோதனைகள் வையுங்கள். முதலில், கோப்பின் நெடுவரிசைகளை இடம் மாற்றிப் போடுங்கள், விடை மாறக்கூடாது. அடுத்து, ஒரு தலைப்பில் ஓர் எழுத்தை அழித்துவிடுங்கள். எழுத்தர் எதைக் காணவில்லை என்று சொல்லி நிற்க வேண்டும். கடைசியாக, 'புள்ளி' என்ற தலைப்பைச் சேர்த்து உங்கள் பெயருக்கு நேரே 500 என்று எழுதுங்கள்.

நிரலை ஓட்டிப் பாருங்கள். உங்கள் புள்ளி இன்னும் சுழியமாகவே இருந்தால், நீங்கள் எழுதிய எழுத்தரை நம்பிப் பட்டியலை ஆசிரியரிடம் கொடுக்கலாம்.